ஐம்பது நாள் கிராம்பு

சேஷு குடிப்பது இரண்டு மூடி, அதைப் பற்றிப் பேசுவது இரண்டு மணி நேரம். இப்படி ஒரு குடிகாரனைப் பூனா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் மனைவி ருக்மிணி சொல்வாள். சொல்வாள் என்பது பழைய கதை. ஐம்பத்தோரு நாளாக அவள் சேஷுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை அவர் டிபன் டப்பாவோடு ஆபீசுக்குக் கிளம்பினார். கீழே ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது.

ருக்மிணி அழவில்லை. விஷ்ராந்த்வாடி ஃப்ளாட்டின் மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். வாத்தியார் கேட்ட சாமான்களை ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தாள். பதின்மூன்று நாள் காரியங்களும் முடிந்தன. பதினாறாம் நாள் பாங்குக்குப் போய்க் கவுண்டரில் உட்கார்ந்தாள். என்ன தைரியம் என்று எல்லோரும் மெச்சினார்கள். தைரியமாவது மண்ணாவது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. தீபாவளி வந்ததும் போனதும் பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்தில்தான் தெரிந்தது. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டு அதையே கேள்வி கேட்காமல் சாப்பிட்டாள்.

"அம்மா, நீ ஒருவாட்டிகூட அழலை. எனக்கு டென்ஷனா இருக்கு," என்றாள் மகள் வைஷு. இருபத்து நாலு வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பூனாவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழைக் கல் பொறுக்குவது மாதிரி பொறுக்கிப் பொறுக்கித்தான் பேசுவாள்.

"வந்தா அழமாட்டேனாடி? வரலை," என்றாள் ருக்மிணி. அது உண்மைதான்.

ஐம்பத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், சின்னதுரை போன் செய்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர், வீடு போபோடியில். சேஷுவுக்கு ரம் பைத்தியத்தைத் தொற்ற வைத்த புண்ணியவான் அவர்தான். பட்டாளப் பழக்கத்தில் நண்பர்களின் மனைவிமாரை எல்லாம் பாபிஜி என்றுதான் கூப்பிடுவார்.

"பாபிஜி, ஞாயித்துக்கெழம டிசம்பர் முதல் ஞாயிறு. ஜாடி தொறக்கிற நாளு. நானும் தேஜஸும் வந்து எடுத்துக்கிடலாம்னு பாத்தோம். சாரு கடைசியா வச்ச ஜாடில்லா. அவரு பேரச் சொல்லி ஆளுக்கு ஒரு மொடக்கு குடிச்சிட்டு இதோட விட்டுரலாம். ஒங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

"சங்கடம் ஒண்ணுமில்லை. வாங்கோ," என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகுதான் ஜாடியின் ஞாபகமே வந்தது. அதற்கடுத்த நிமிஷம் ஜாடிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும் முடிச்சின் ஞாபகம் வந்தது.

அந்த முடிச்சு என்ன என்று சொல்லிவிடுகிறேன். சேஷு வருஷா வருஷம் செப்டம்பரில் மூன்று ரம்களைக் கலப்பார். சின்னதுரை கொடுக்கும் பட்டாளக் கேண்டீன் ரம் மூன்று பங்கு. அது வெல்லப்பாகு மாதிரி கறுப்பாக, கனமாக இருக்கும். வெள்ளை ரம் ஒரு பங்கு, அது மூக்கில் குத்தும். கோவாவிலிருந்து வரும் ரம் ஒரு பங்கு. அதை முகர்ந்தால் அப்போதுதான் கரும்பு வெட்டிய வயலில் நிற்கிற மாதிரி இருக்கும். மூன்றையும் ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, தயிருக்கு உறை ஊற்றுவது போலப் போன வருஷத்து ரம்மில் ஒரு டம்ளரையும் சேர்த்துவிடுவார். பதினோரு வருஷமாக இந்த உறை அறுந்ததில்லை. மூன்றும் ஒன்றோடொன்று பழகட்டும் என்று ஒரு மாதம் விட்டுவிட்டு, கிராம்பு, பட்டை, ஜாதிபத்திரி, நாக்பூர் ஆரஞ்சின் காய்ந்த தோல் எல்லாவற்றையும் மெல்லிய துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடுவார். எத்தனை நேரம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கிராம்பு ஒரு ராத்திரிக்கு மேல் ஒரு மணி நேரம் கூடினாலும் மற்றதையெல்லாம் அடித்துச் சாப்பிட்டுவிடும்.

அந்தச் சூட்சுமம் சேஷுவுக்குப் பிடிபடவே இல்லை. அது ருக்மிணிக்குத்தான் பிடிபட்டது. முதல் வருஷம், பால்கனியில் துணி காயப்போட வந்தவள், திறந்திருந்த ஜாடியைத் தாண்டும்போது, "கிராம்பு தூக்கலா இருக்கே, எடுத்துடுங்கோ," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். சேஷு எடுத்தார். அந்த ரம் பிரமாதமாக வந்தது. அன்றிலிருந்து எது எவ்வளவு, எப்போது போடுவது, எப்போது எடுப்பது எல்லாம் ருக்மிணியின் மூக்குதான். ஒரு சொட்டு அவள் நாக்கில் பட்டது கிடையாது. முகர்வாள், "போதும்" என்பாள், முடிச்சு வெளியே வரும்.

ஜாடி வீட்டில் இருக்கலாம், குடிப்பது வீட்டில் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் திறப்பு விழா போபோடியில் சின்னதுரை வீட்டில் நடக்கும். சேஷு, சின்னதுரை, சேஷுவின் ஆபீஸ்காரனான தேஜஸ், மூன்றே பேர். திரும்பி வந்ததும் ருக்மிணி, "என்ன சொன்னா?" என்று கேட்பாள். "ம், பரவாயில்லைன்னா," என்று சொல்லிவிட்டு சேஷு மோர்சாதம் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். பதினோரு வருஷமும் இதே பதில்தான்.

இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை ராத்திரி முடிச்சை உள்ளே விட்டார். புதன்கிழமை காலையில் ஜாடி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, "ருக்கு, கொஞ்சம் மோந்து பாரேன்," என்று கூப்பிட்டார். அவளுக்குப் பாங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "சாயங்காலம் பார்க்கலாம், மூடி வையுங்கோ," என்று அடுக்களையிலிருந்தே கத்தினாள். அவரும் மூடி வைத்தார். சாயங்காலம் அவர் இல்லை.

போன் வந்த வெள்ளிக்கிழமை ருக்மிணி பால்கனி அலமாரியைத் திறந்து ஜாடியின் மூடியை எடுத்தபோது முகர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஹாலில் இருந்த வைஷு, "யாருக்கும்மா பல்வலி?" என்று கேட்டாள். ருக்மிணி நூலைப் பிடித்து முடிச்சை வெளியே எடுத்தாள். துணி கறுத்து, காபி வடிகட்டின துணி மாதிரி இருந்தது. ஒரு தேக்கரண்டியில் துளி எடுத்துத் தன் வாழ்நாளில் முதல் முறையாக நாக்கில் வைத்தாள். கசந்தது. அப்புறம் நாக்கு நுனி மரத்துப்போனது, உதடும் மரத்துப்போனது. சரிதான், மரத்த உடம்புக்கு ஏற்ற நாக்கு என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

"கெட்டுப்போயிடுத்துன்னு சொல்லிடேன். அங்கிள் என்ன, திட்டவா போறார்?" என்றாள் வைஷு.

அதுதான் சுலபம். ஆனால் ருக்மிணியால் முடியவில்லை. எதிலும் எந்த உணர்ச்சியும் இல்லாமல் இருந்தவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு பிடிவாதம் முளைத்தது. அந்த மனுஷன் கையெழுத்துப் போடுவதைக்கூட இரண்டு தரம் யோசித்துப் போடுகிறவர். அவர் கடைசியாக வைத்துவிட்டுப் போனதை நண்பர்கள் வாயில் ஊற்றி, முகத்தைச் சுளித்து, அவருக்காகப் பொறுத்துக்கொண்டு விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். கெட்டுவிட்டது என்று கொட்டினாலோ, அவரையே குப்பையில் போடுகிற மாதிரி. அதுவும் அவர் செய்த தப்பில்லை, அவள் சொல்லாமல் விட்ட ஒரு "போதும்".

சனிக்கிழமை பாங்குக்கு லீவு சொன்னாள். அலமாரியில் அடுத்த வருஷத்துக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த மூன்று பாட்டில்கள் இருந்தன, வகைக்கு ஒன்று. ஜாடியில் இருப்பது நாலு லிட்டர். அதை முழுக்கச் சரிசெய்ய வேண்டுமானால் ஒரு தண்ணீர்த் தொட்டி ரம் வேண்டும். ஆகவே ஜாடியை மறந்துவிட்டு, புதிதாகக் கலந்து, இதை உறையாக மட்டும் ஊற்றுவது என்று முடிவு செய்தாள். மாவு அளக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களை மேடையில் வேலையை ஆரம்பித்தாள்.

கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கோவா ஒன்று. அதில் ஒரு கரண்டி ஜாடி ரம். முகர்ந்தாள், கிராம்பு கையை ஓங்கிக்கொண்டு வந்தது. புதுசில் இன்னும் இரண்டு பங்கு சேர்த்தாள். இப்போதும் அதேதான். பன்னிரண்டு பங்கு புதுசுக்கு ஒரு பங்கு பழசு என்று வந்தபோது கிராம்பு அடங்கி, பட்டை தலையைக் காட்டியது. ஆனால் இப்போது ஆரஞ்சு காணவில்லை. வைஷுவை அனுப்பி நாலு ஆரஞ்சு வாங்கி வரச் சொல்லி, வெள்ளைச் சதை ஒட்டாமல் தோலைச் சீவி, அதில் ஊறப்போட்டாள். கோலாப்பூர் வெல்லத்தை இரும்பு வாணலியில் பாகு வைத்து, கருகுவதற்கு ஒரு நிமிஷம் முன்பு இறக்கி, ஆறவைத்து இரண்டு கரண்டி விட்டாள்.

நாலாவது தடவை முகரும்போது மூக்கு ஓய்ந்துவிட்டது. எதை முகர்ந்தாலும் ஒரே வாசனை. இந்த மாதிரி நேரத்தில் சேஷு தன் முன்னங்கையை அவள் மூக்கருகே நீட்டுவார். "இதை மோந்துக்கோ, மூக்கு தெளியும்." ரம்மை முகர்ந்து தரம் பார்க்கிறவர்கள் எல்லாம் தங்கள் தோலையே முகர்ந்து மூக்கைத் தெளியவைப்பார்களாம், எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னார். உன் கையையே முகரலாமே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. சோப்பும் ஆபீஸ் ஃபைலும் கலந்த ஒரு வாசனை அது. பதினோரு வருஷம் அவள் அதைத்தான் முகர்ந்திருக்கிறாள்.

அடுக்களையில் யாருடைய கையும் நீளவில்லை. ருக்மிணி தன் முன்னங்கையையே முகர்ந்தாள். அதில் ஆரஞ்சு வாசனை அடித்தது. இப்போதாவது அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பால்கனியில் போய் நின்று ஆளந்தி ரோட்டின் புகையை இழுத்து மூக்கைத் தெளியவைத்துக்கொண்டு திரும்பினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடியைத் திறந்து முகர்ந்தபோது எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. முதலில் வெல்லம், பின்னால் ஆரஞ்சு, கடைசியில் கிராம்பு வந்து தொட்டும் தொடாமல் போனது. ஆரஞ்சுத் தோலை எடுத்துப் போட்டாள். "போதும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஆளில்லை, இருந்தாலும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். சின்னதுரை இஸ்திரி போட்ட சட்டையில் அட்டென்ஷனில் நிற்பது போல நின்றார். தேஜஸுக்கு நாற்பது வயதிருக்கும். மராட்டிக்காரன், சேஷுவோடு பன்னிரண்டு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்ததில் தமிழ் புரியும், பாதி பேசவும் வரும். ருக்மிணியை மட்டும் மராட்டி வழக்கப்படி வஹினி, அதாவது அண்ணி என்பான். காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலை வாங்கி வந்திருந்தான்.

"எடுத்துண்டு போக வேண்டாம். இங்கேயே சாப்பிடுங்கோ," என்றாள் ருக்மிணி.

இருவரும் திகைத்துப்போனார்கள். "இந்த வீட்டுலயா, பாபிஜி?"

"ஆமாம். இந்த வீட்டுலதான்."

பாட்டிலில் ஊற்றி வைத்திருந்ததைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். இரண்டு சின்ன கண்ணாடி டம்ளர்கள் வைத்தாள். வைஷு அறைக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னதுரை இரண்டு விரல் உயரம் ஊற்றி, சேஷு கற்றுக்கொடுத்தபடி ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு, டம்ளரைச் சுழற்றி முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் வைத்திருந்து விழுங்கினார். அந்த முரட்டு மனுஷரின் கண்ணிலிருந்து தண்ணீர் கரகரவென்று இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ருக்மிணிக்கு மூச்சு வந்தது. கெட்டுப்போகவில்லை. சேஷுவின் பேர் தப்பித்தது.

"சாரு கை," என்றார் சின்னதுரை. "அப்படியே இருக்கு. சாரு கையேதான்."

தேஜஸும் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "சேம். பில்குல் சேம். சார் கா ஹாத்."

சுருக்கென்று எங்கேயோ குத்தியது. ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக ருக்மிணிக்கு ஒன்று உறைத்தது, அது துக்கமில்லை, கோபம். நல்ல அசல் கோபம். பதினோரு வருஷம் அவள் மூக்கு, நேற்று முழுக்க அவள் நின்ற கால்வலி, பேர் மட்டும் சாருக்கு. போனவர் பேரைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்தாய் என்று மனசு கேட்டது. ஆமாம், அதற்காகத்தான் செய்தேன், இருந்தாலும் கோபம் வருகிறது, என்ன பண்ண?

"அது அவர் கை இல்லை," என்றாள். குரல் தனக்கே புதிதாக இருந்தது. "அவர் வெச்சுட்டுப் போனது கெட்டுப்போயிடுத்து. இது நேத்திக்கு நான் கலந்தது. இது மட்டுமில்லை. பதினோரு வருஷமா அவர் ஊத்துவார், அவ்வளவுதான். எது எவ்வளவு, எப்போ எடுக்கறதுன்னு சொன்னது நான். அது என் மூக்கு."

போனவரைக் காட்டிக்கொடுத்தாயிற்று. இவர்கள் இப்போது அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆச்சரியப்பட்ட முகங்களாகத் தெரியவில்லை.

"தெரியும் வஹினி," என்றான் தேஜஸ் மெதுவாக.

"என்ன தெரியும்?"

"ஒங்க மூக்குன்னு தெரியும் பாபிஜி," என்றார் சின்னதுரை. "மொத வருசமே சொல்லிட்டாரே. நாங்க ஒரு பேச்சுக்குச் சாரு கைன்னு சொல்லுவோம், அவ்வளவுதான். அவரு ஒவ்வொரு வருசமும் மொத கிளாஸ ஒசத்திப் பிடிச்சு, 'இது ருக்குவோட மூக்குக்கு'ன்னு சொல்லிட்டுத்தான் வாயில வைப்பாரு. எங்களையும் சொல்ல வைப்பாரு. சொல்லாம குடிச்சா கோவம் வந்துரும் மனுசனுக்கு. இப்படி ஒரு மூக்கு இந்த தேசத்துலயே கெடையாது, நான் வெறும் எடுபிடின்னு ஒரு மணி நேரம் பேசுவாருல்லா. கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம்."

"போன வருஷம் ஆபீஸ்லகூட சொன்னார்," என்றான் தேஜஸ். "ஆடிட்டுக்கு வந்த பெரிய ஆபீசர்கிட்ட. 'மை வைஃப் ஹாஸ் எ நோஸ்'ன்னு. அந்த ஆபீசருக்கு ஒண்ணும் புரியலை."



"எங்கிட்ட சொன்னதில்லை," என்றாள் ருக்மிணி.

"ஒங்ககிட்ட சொல்லாம இருந்திருப்பாரா?" சின்னதுரை நம்பாமல் கேட்டார். "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நாங்க நெனச்சிட்டிருந்தோம்."

"இல்லை. ஒரு நாளும் சொன்னதில்லை."

அவள் திரும்பினாள். சுவரில் சந்தன மாலை போட்ட படத்தில் சேஷு, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அசட்டுச் சிரிப்போடு இருந்தார். தினமும் விளக்கேற்றும்போது அந்தப் படத்தைத் துடைக்கிறாள். இன்றுவரை ஒரு வார்த்தை அதனிடம் பேசியதில்லை.

"ஏன்னா," என்றாள் சத்தமாக, அடுக்களையிலிருந்து ஹாலுக்குக் கூப்பிடுகிற அதே குரலில். "ஊர் பூரா சொல்லியிருக்கேளே, எங்கிட்ட ஒரு தரம் சொன்னா கொறைஞ்சா போயிடுவேள்? பதினோரு வருஷம் கேட்டேனே, என்ன சொன்னா, என்ன சொன்னான்னு! பரவாயில்லையாம் பரவாயில்லை! சொல்லுங்கோ, ஏன் சொல்லலை?"

சின்னதுரை டம்ளரைக் கீழே வைத்தார். வைஷு கதவை விட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

ருக்மிணி பதிலுக்குக் காத்திருந்தாள். சண்டையில் கேள்வி கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பாளே, அதே மாதிரி காத்திருந்தாள். பதில் வராது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.